வழக்கு உள்ள வீரரை அணியில் எடுக்கலாமா?

கேள்வி: ஒரு தொழில்முறை கால்பந்து கிளப்பின் செயலாளராக இருக்கிறேன். முன்கள வீரர் ஒருவரை எடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். வயது 24. கோல் அடிப்பதில் அவருக்கு ஈடாக எங்கள் அணியில் யாரும் இல்லை. நான்கு வருடங்களுக்கு முன் ஓர் அடிதடி வழக்கில் தண்டனை பெற்று, சிறைக்காலத்தை முடித்துவிட்டார். போன வருடம் முன்னாள் காதலி கொடுத்த புகாரில் இன்னொரு வழக்கு. அதில் ஜாமீனில் இருக்கிறார். ‘முதல் கேஸ் முடிஞ்சுபோச்சு, இதுவும் முடியப்போகுது’ என்கிறார் ஏஜென்ட். எங்கள் தலைவருக்கு வீரரை விட மனமில்லை. எடுத்தால் ராஜினாமா என்கிறார் பொருளாளர். டிரான்ஸ்ஃபர் விண்டோ (வீரர்களைப் பதிய அனுமதிக்கும் காலம்) மூட 12 நாள்தான் இருக்கிறது. சட்டப்படி எடுக்கலாமா? எடுத்த பிறகு தண்டனை வந்தால், மிச்சச் சம்பளம் கொடுக்காமல் நீக்க முடியுமா?

பதில்: எடுக்கலாம். வழக்கு நிலுவையில் இருப்பதோ, தண்டனையை அனுபவித்து முடித்ததோ ஒருவர் விளையாடிப் பிழைப்பதைத் தானாகத் தடுத்துவிடாது. தடை வருவதானால் ஜாமீன் நிபந்தனையிலிருந்து வரும், விளையாட்டு அமைப்பின் இடைநீக்கத்திலிருந்து வரும், அல்லது விசாவிலிருந்து வரும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் கனமானது. வழக்கு இருப்பது தெரிந்தே ஒருவரை எடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே வழக்கைக் காரணம் காட்டி நீக்கினால், ஒப்பந்தத் தகராறை விசாரிக்கும் நடுவர் மன்றம் கேட்கும் முதல் கேள்வி: ‘இது உங்களுக்கு அன்றைக்கே தெரியுமே?’ கிளப்புகள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான். ஆகவே எது பழையது, எது நிலுவையில் உள்ளது, எது புதிதாக நடந்தால் என்ன ஆகும் என்று மூன்றையும் கையெழுத்துக்கு முன்பே தனித்தனியாகப் பிரித்து எழுத வேண்டும். அப்படி எழுத முடியாத அளவுக்கு அவசரம் என்றால் எடுக்காதீர்கள்.

முதலில் அந்த ‘முடிஞ்சுபோச்சு’. இந்தச் சொல்லுக்குக் குறைந்தது ஐந்து பொருள் உண்டு. மேல்நடவடிக்கை தேவையில்லை என்று காவல்துறையே கோப்பை மூடியிருக்கலாம். புது ஆதாரம் வந்தால் அது திரும்பத் திறக்கும். விசாரணை தொடங்கும் முன்பே போதிய முகாந்திரம் இல்லை என்று நீதிமன்றம் டிஸ்சார்ஜ் செய்திருக்கலாம். முழு விசாரணை நடந்து விடுதலை ஆகியிருக்கலாம்; பல நாடுகளில் அதை எதிர்த்து அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யலாம். புகார்தாரருடன் சமரசமாகி வழக்கு ரத்தாகியிருக்கலாம். சமரசப் பணத்தின் கடைசித் தவணை இன்னும் பாக்கி இருக்கலாம். கடைசியாக, உங்கள் வீரரின் முதல் வழக்கைப்போல, தண்டனையை அனுபவித்து முடித்திருக்கலாம். ஆனால் அதன்பின் சில வருடங்களுக்குக் கண்காணிப்பு நிபந்தனை தொடரலாம். எந்தப் பொருளில் சொல்கிறார் என்பது காகிதத்தில் மட்டுமே தெரியும். புகார், குற்றப்பத்திரிகை, ஜாமீன் உத்தரவு, தீர்ப்பு, மேல்முறையீட்டின் நிலை ஆகியவற்றுக்குச் சான்றிட்ட நகல் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் முதல் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பினால் ஏற்காதீர்கள். ஜாமீன் உத்தரவில் நிபந்தனைகள் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.

அந்தக் கடைசிப் பக்கத்தையும் உங்கள் போட்டி அட்டவணையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். திங்கள்தோறும் காலை 10 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து என்று இருக்கிறதா? ஞாயிறு இரவு வெளியூரில் ஆட்டம் முடிந்தால் அவர் எப்படித் திரும்புவார்? பாஸ்போர்ட் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா? புகார்தாரரின் வீட்டிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ விலகி இருக்கச் சொல்லியிருக்கிறதா, உங்கள் பயிற்சி மைதானம் அந்த எல்லைக்குள் வருகிறதா? நிபந்தனையைத் தளர்த்த மனு போடலாம். ஆனால் அதைப் போட வேண்டியவர் வீரருடைய வழக்கறிஞர். உத்தரவு எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. ஒரு கையெழுத்து தவறி ஜாமீன் ரத்தானால், நீங்கள் வாங்கிய முன்கள வீரர் உள்ளே இருப்பார். ஒப்பந்தம் வெளியே ஓடிக்கொண்டிருக்கும்.

குற்றவியல் வழக்கை மட்டும் பார்த்தால் போதாது. ஸ்காட்லாந்தில் கால்பந்து வீரர் டேவிட் குட்வில்லி மீது குற்றவியல் வழக்கே நடக்கவில்லை. 2017-இல் சிவில் நீதிமன்றம்தான் அவர் பாலியல் வல்லுறவு செய்தார் என்று தீர்ப்பளித்து, 1,00,000 பவுண்டு இழப்பீடு வழங்கச் சொன்னது. 2022 ஜனவரி கடைசி நாளில் ரைத் ரோவர்ஸ் கிளப் அவரை இரண்டரை வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. சட்டையில் பெயர் போட்டிருந்த ஸ்பான்ஸர் விலகினார், இயக்குநர்கள் விலகினார்கள், மகளிர் அணியின் கேப்டன் விலகினார். சில நாட்களிலேயே ‘அவரைக் களத்தில் இறக்க மாட்டோம்’ என்று கிளப் அறிவித்தது. பிறகு அவரைப் பழைய கிளப்புக்கே கடனாக அனுப்பியபோது, மைதானத்தின் உரிமையாளரான உள்ளாட்சி மன்றம் அவரை உள்ளே விட மறுத்தது. இதில் சட்டப் பிழை என்று எதுவும் இல்லை. தன் ஸ்பான்ஸர் ஒப்பந்தத்தையும் மைதானக் குத்தகையையும் முதலில் எடுத்துப் படிக்காததன் விலை அது. உங்கள் ஸ்பான்ஸர் பத்திரத்தில் ‘கிளப்பின் செயலால் எங்கள் நற்பெயருக்குப் பங்கம் வந்தால் விலகலாம்’ என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அந்தத் தொகையையும் வீரரின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வீரரை அழைத்துப் பேசும்போது ஒரு தவறைச் செய்யாதீர்கள். ‘அன்றைக்கு என்னதான் நடந்தது? மனம் விட்டுச் சொல்லுப்பா’ என்று தலைவர் கேட்பார். கேட்க விடாதீர்கள். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்கு இருக்கும் பாதுகாப்பு, கிளப் தலைவரிடம் சொல்வதற்குக் கிடையாது. குறிப்பெடுத்த நோட்டும், கூட இருந்த நீங்களும் சாட்சியாக அழைக்கப்படலாம். கிளப்பின் வழக்கறிஞர் வீரருக்கும் வழக்கறிஞராக இருக்கக்கூடாது; இருவர் நலனும் இந்த இடத்தில் எதிரெதிர். சம்பவத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். வழக்கின் நிலை, அடுத்த வாய்தா, நிபந்தனைகள் ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். கிளப்பிலிருந்து யாரும், நல்லெண்ணத்தில்கூட, புகார் கொடுத்த பெண்ணைத் தொடர்புகொள்ளக்கூடாது. சமரசம் பேசப் போனவர் சாட்சியைக் கலைத்தார் என்ற குற்றச்சாட்டோடு திரும்புவார்.

பழைய தண்டனையைப் பற்றிக் கேட்பதற்கும் வரம்பு உண்டு. இங்கிலாந்தில் 1974-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டப்படி, குறிப்பிட்ட காலம் கடந்த தண்டனைகளைப் பெரும்பாலான வேலைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. வேறு பல நாடுகளிலும் இதுபோன்ற விதிகள் இருக்கின்றன. வீரரின் எழுத்துபூர்வச் சம்மதத்தோடு மட்டுமே பதிவுகளைப் பெறுங்கள். யார் பார்க்கலாம் என்று இரண்டு மூன்று பேரோடு நிறுத்துங்கள். 18 வயதுக்குட்பட்ட காலத்துப் பதிவுகளைத் தோண்டாதீர்கள். ஆனால் உங்கள் சிறுவர் அணியும் அதே வளாகத்தில் பயிற்சி எடுக்கிறது என்றால் குழந்தைப் பாதுகாப்புச் சோதனை தனி. அதில் சலுகை கிடையாது.

விளையாட்டு அமைப்பின் ஒழுங்கு நடவடிக்கை வேறு தடத்தில் ஓடும். கிரிக்கெட் வீரர் ஸ்ரீசாந்த் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் ஐபிஎல் சூதாட்டப் புகாரில் கைது, அதே வருடம் கிரிக்கெட் வாரியத்தின் ஆயுள் தடை. 2015 ஜூலையில் டெல்லி நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. தடையோ நீடித்தது. 2019 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் ஆயுள் தடையை ரத்து செய்து, தண்டனை அளவை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அது 7 வருடமாகி 2020 செப்டம்பரில் முடிந்தது. குற்றவியல் நீதிமன்றம் கேட்கும் அளவு நிரூபணத்தை ஒழுங்குக் குழு கேட்பதில்லை. ஆகவே ‘கோர்ட்டே விட்டுவிட்டதே’ என்பது உங்களுக்குப் பாதிப் பதில்தான். கூட்டமைப்பிடம் அவர்மேல் நிலுவையில் எதுவும் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள்.

இனி ஒப்பந்தம். முதல் இணைப்பாக ஒரு வெளிப்படுத்தல் பட்டியல் வேண்டும். இரண்டு வழக்குகளின் எண், நீதிமன்றம், பிரிவுகள், இன்றைய நிலை எல்லாம் அதில் இருக்கட்டும். ‘இதைத் தவிர என்மேல் வேறு புகாரோ, விசாரணையோ, சிவில் வழக்கோ, சமரசமோ இல்லை’ என்று வீரர் உறுதி தருவார். அந்த வரி பொய்யானால் அதுவே தனிக் காரணம். அப்போது ‘அன்றைக்கே தெரியுமே’ என்ற கேள்விக்கு இடமில்லை.

அடுத்தது, படிகளைப் பிரிப்பது. கைது, குற்றப்பத்திரிகை தாக்கல், தண்டனைத் தீர்ப்பு, சிறை ஆகிய நான்கும் நான்கு நிகழ்வுகள். ‘கிளப்பின் பெயருக்குக் களங்கம் விளைவித்தால் நீக்கலாம்’ என்ற ஒற்றை வரியை நம்பி இருக்காதீர்கள். அந்த வரி வீரர் ஆட்டத்தில் சரியில்லாதபோது கழற்றிவிடும் சாக்காகத்தான் நடுவர் மன்றத்துக்குத் தெரியும். கைது ஆனால் சம்பளத்தோடு இடைநீக்கம். காவலிலோ சிறையிலோ இருந்து பயிற்சிக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளம் இல்லை. நிலுவை வழக்கில் முதல் நீதிமன்றம் தண்டித்தால் கிளப் ஒப்பந்தத்தை முடிக்கலாம், மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலும்.

இந்தக் கடைசிச் சொற்றொடர் முக்கியம். ‘இறுதித் தீர்ப்பு’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். பிரேசில் கால்பந்து வீரர் ரொபின்யோவுக்கு இத்தாலியில் பாலியல் வல்லுறவு வழக்கில் முதல் நீதிமன்றம் 2017-இல் 9 வருடத் தண்டனை விதித்தது. அது இறுதியானது 2022 ஜனவரியில். இடையில் 2020 அக்டோபரில் சாண்டோஸ் கிளப் அவரை எடுத்து, ஸ்பான்ஸர்கள் எதிர்த்ததும் ஒரு வாரத்துக்குள் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. மறுபக்கமும் உண்டு: வேல்ஸ் கால்பந்து வீரர் செட் எவன்ஸ் 2012-இல் பாலியல் வல்லுறவு வழக்கில் தண்டிக்கப்பட்டு, சிறையிலிருந்து வந்தபின் 2014-15-இல் இரண்டு கிளப்புகள் அவரை எடுக்க முயன்று எதிர்ப்பால் பின்வாங்கின; 2016-இல் அந்தத் தீர்ப்பே ரத்தாகி, மறுவிசாரணையில் விடுதலையானார். எனவே, முதல் தீர்ப்பை வைத்து முடித்தபின் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானால் திரும்ப எடுக்கும் கடமையோ இழப்பீடோ கிளப்புக்கு இல்லை என்பதையும் எழுதுங்கள். வீரர் தரப்பு இதற்கு ஏதாவது கேட்கும். ஒரு மாதச் சம்பளம் கொடுத்து முடிப்பது நியாயம்தான்.

பணத்தைக் கட்டமைக்கும் விதத்தில்தான் உண்மையான பாதுகாப்பு இருக்கிறது. 2022-இல் அமெரிக்கக் கால்பந்து அணியான கிளீவ்லாந்து பிரவுன்ஸ், டெஷான் வாட்சன் என்ற வீரருக்கு 5 வருடத்துக்கு 23 கோடி டாலரை முழு உத்தரவாதத்தோடு கொடுத்தது. அவர்மேல் அப்போது பாலியல் அத்துமீறல் புகாரில் இருபதுக்கும் மேற்பட்ட சிவில் வழக்குகள். முதல் வருட அடிப்படைச் சம்பளத்தைச் சுமார் 10 லட்சம் டாலராகக் குறைத்து, மிச்சத்தைக் கையெழுத்து போனஸாக வைத்தார்கள். அந்தப் புகார்களுக்காக லீக்கின் 11 ஆட்டத் தடை வந்தபோது, அபராதமாகக் கட்டிய 50 லட்சம் டாலரைத் தவிர, சம்பளமாக அவர் இழந்தது வெறும் 6 லட்சத்துச் சில்லறை. நீங்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். கையெழுத்துத் தொகை சிறிதாக, அதுவும் தவணையாக. மேலே சொன்ன நிகழ்வு நடந்தால் மீதித் தவணை நின்றுபோகும். பெரும்பகுதி, களத்தில் இறங்கிய ஆட்டத்துக்கு இவ்வளவு என்று இருக்கட்டும். கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க ஓடுவதைவிடக் கொடுக்காமல் இருப்பது எளிது. செல்ஸியைப் பாருங்கள்: கொகெய்ன் சோதனையில் சிக்கிய தன் வீரர் அட்ரியன் முட்டுவை 2004-இல் நீக்கியது. 1.7 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்ற உத்தரவை 2009-இல் விளையாட்டு நடுவர் மன்றம் உறுதிசெய்தும் துரத்தல் தீரவில்லை. அவரை அடுத்து எடுத்த இத்தாலியக் கிளப்புகள்மேலும் வழக்கு நீண்டு, 2015-இல்தான் அவை தப்பின. உங்கள் வீரர் முந்தைய கிளப்பை விட்டு எப்படி வெளியே வந்தார் என்ற காகிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கால்பந்துக்கே உரிய இரண்டு கண்ணிகள். ஃபிஃபாவின் இடமாற்ற விதிகளில் 18-ஆம் பிரிவுப்படி, வேலை அனுமதி கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போட முடியாது. விசா சந்தேகம் என்றால் கையெழுத்துக்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். அதே பிரிவு, ஒப்பந்தம் குறைந்தது அந்த சீசன் முடியும்வரையாவது இருக்க வேண்டும் என்கிறது. ‘மூன்று மாதம் பார்க்கலாம்’ என்ற ஏற்பாடு அங்கே எடுபடாது. பக்க ஒப்பந்தமாகத் தனித்தாளில் எழுதி இழுப்பறையில் வைப்பதும் வேண்டாம். லீக்கில் பதியாத தாள் உங்களுக்கு எதிராக மட்டுமே வேலை செய்யும்.

உங்கள் விஷயத்தில் என் கருத்து: முதல் வழக்கு தடையே இல்லை, அதற்கான தண்டனையை அவர் அனுபவித்துவிட்டார். இரண்டாவது அப்படியல்ல, அதில் ஒரு பெண்ணின் புகார் இன்னும் கேட்கப்படவே இல்லை. சீசன் முடியும்வரை மட்டும் ஓர் ஒப்பந்தம், நீட்டிக்கும் வாய்ப்பு இருதரப்பும் ஒத்துக்கொண்டால் மட்டும், அதற்குமேல் போகாதீர்கள். அறிவிப்பில் ‘அவர் நிரபராதி என்று நம்புகிறோம்’ என்று எழுதாதீர்கள். அது புகார்தாரரைப் பொய்யர் என்று சொல்வது, சில நாடுகளில் நீதிமன்ற அவமதிப்பும்கூட. ‘வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, கருத்துச் சொல்வதற்கில்லை’ என்ற ஒரே வரி போதும்.

முதல் 3 நாளில் சம்மதக் கடிதமும் நகல்களும், 6-ஆம் நாளுக்குள் ஸ்பான்ஸர், மைதானம், காப்பீட்டுப் பத்திரங்களைப் படித்து முடிப்பது, 8-ஆம் நாள் நிர்வாகக் குழுக் கூட்டம். அதற்குள் ஜாமீன் உத்தரவின் முழு நகல் வரவில்லை என்றால் பேச்சை நிறுத்திவிடுங்கள். வந்தால், கூட்டக் குறிப்பில் எதெல்லாம் தெரிந்து முடிவெடுத்தீர்கள் என்று எழுதுங்கள். அது வெளிப்படுத்தல் பட்டியலோடு வரிக்கு வரி ஒத்துப்போக வேண்டும். பொருளாளரின் எதிர்ப்பையும் அவர் சொன்ன காரணத்தோடு அதே குறிப்பில் பதியுங்கள்.