குடித்த நாளில் மாத்திரையை விடலாமா?

கேள்வி: என் கணவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. 6 வருடமாக, வைரஸை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் குடிக்கும் நாளில் மட்டும், "மதுவோடு சேர்ந்தால் விஷமாகிவிடும்" என்று மாத்திரையைத் தொடுவதே இல்லை. இப்போது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, ஏறியிருக்கிறது. கவுன்சலிங் போகலாம் என்றால், "திட்டு வாங்கவா?" என்கிறார். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, முதலில் அந்த விஷப் பயத்தை விடச் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் குடியைவிட அதிகம் கெடுத்திருப்பது அந்தப் பயம்தான். இப்போது பரவலாகத் தரப்படும் ஏ.ஆர்.டி. மருந்தான டோலுடெக்ராவிர் மதுவோடு சேர்ந்து விஷமாவதில்லை. குடித்துவிட்டாரா, சரி, அன்றைக்கும் மாத்திரையைப் போடட்டும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் வைரஸ் பெருகுவதோடு மருந்துக்கு அடங்காத வகையாகவும் மாறிவிடலாம். உங்களுக்குத் தொற்று இல்லையென்றால், வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை ஆணுறை கட்டாயம்.

இதைக் குடிக்க அனுமதி என்று அவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. மஞ்சள் காமாலை பி, சி வைரஸ் இருந்தாலோ காசநோய்க்கு ஐசோநியாசிட் சாப்பிட்டாலோ கல்லீரலுக்கு மது இரட்டை அடி.

அப்புறம் கவுன்சலிங். நல்ல கவுன்சலர் திட்டமாட்டார். குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விகள் இருக்கின்றன, மொத்தம் 40 மதிப்பெண்ணில் 8 வந்தாலே கவனிக்க வேண்டிய குடி. அதைக் கேட்டுவிட்டு, காலண்டரை நடுவில் வைத்து, நேற்று என்ன, முந்தாநாள் என்ன, யாரோடு, எத்தனை கிளாஸ், அன்று மாத்திரை போட்டீர்களா என்று ஒவ்வொரு நாளாகப் பின்னால் போவார். குடித்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை விட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. இரண்டும் ஒரே கட்டத்தில் வந்து விழுவதை அவரே பார்ப்பார், அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வாரம் எதைக் குறைப்பது என்பதையும் அவர்தான் முடிவு செய்வார். நண்பர்கள் கிளாஸை நீட்டும்போது என்ன சொல்வது என்றுகூட ஒத்திகை பார்ப்பார்கள். "டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார்ப்பா" என்றால் போதும், என்ன நோய் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். நம் ஆட்கள் பலர் மறுக்க முடியாமல் குடிப்பதே, காரணம் கேட்டால் நோய் வெளியே தெரிந்துவிடுமோ என்றுதான்.

மாதக்கணக்கில் அலைய வேண்டுமோ என்றும் பயப்பட வேண்டாம். வியட்நாமில் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில் நேரில் 2 முறை, போனில் 2 முறை பேசியதிலேயே குடி குறைந்தது.

ஒன்று மட்டும் கவனம். தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் கை நடுங்குகிறது என்றால், வீட்டிலேயே திடீரென நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

இரவில் மாத்திரை போடுபவரா? காலைக்கு மாற்றலாமா என்று அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள். பல் துலக்கிய கையோடு போட்டுவிட்டால், சாயங்காலம் அவர் எந்த நிலையில் வந்தாலும் அன்றைய மாத்திரை உள்ளே போயிருக்கும்.