மழைநீர் டிரம்முக்கு என்ன பெயின்ட் வாங்கலாம்?

கேள்வி: மாடியிலிருந்து இறங்கும் மழைநீரைப் பிடிக்க 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம் வாங்கிச் சுவரோரம் வைத்திருக்கிறோம். தண்ணீர் செடிகளுக்கு மட்டும்தான். சுவர் வெளிர் மஞ்சள். பக்கத்தில் அந்த நீலம் கண்ணை உறுத்துகிறது. வீட்டில் மிச்சமிருக்கும் எனாமல் பெயின்ட்டையே அடித்துவிடலாமா? என்ன நிறம் பொருந்தும்?

பதில்: எனாமலை நேராக அடிக்காதீர்கள். அடித்த அன்று பளிச்சென்று இருக்கும். வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டதும் ஏடு ஏடாக உரிந்து வரும். இந்த டிரம்கள் பெரும்பாலும் பாலிஎத்திலீனில் செய்தவை. அடிப்பக்கத்தில் முக்கோண அம்புக்குறிக்குள் 2 என்ற எண் இருந்தால் அதேதான். இதன் மேல் தண்ணீர் தெளித்தால் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். பெயின்ட்டும் அப்படித்தான், பிடித்துக்கொள்ள இடமில்லாமல் சும்மா மேலே உட்கார்ந்திருக்கும்.

அதனால் பணத்தைப் போட வேண்டியது பெயின்ட் பிடிப்பதற்காக அதற்கு முன் அடிக்கும் பிரைமரில். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டப்பாவின் முன்பக்கம் 'பிளாஸ்டிக்குக்கு ஏற்றது' என்று பெரிதாக இருக்கும். திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால், பாலிஎத்திலீனுக்கும் பாலிபுரொப்பிலீனுக்கும் உதவாது என்று போட்டிருக்கலாம். சிலவற்றில் பிஇ, பிபி என்ற சுருக்கம் மட்டும் இருக்கும். கடைக்காரர் 'எல்லா பிளாஸ்டிக்கிலும் பிடிக்கும்' என்று சொன்னாலும், பாலிஎத்திலீனுக்கு ஏற்றது என்று டப்பாவில் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

டிரம்மைக் காலி செய்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் நைசான உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். கையால் தடவினால் எங்கும் ஒரே மாதிரி லேசாகச் சொரசொரக்க வேண்டும். விளிம்பையும் வளையங்களின் இடுக்கையும் விட்டுவிடாதீர்கள், உரிவது அங்கேதான் ஆரம்பிக்கும். தூசியைத் துடைத்துவிட்டு, குழாய், மூடியின் மரை, கொசுவலை மூன்றையும் டேப்பால் மூடிவிடுங்கள். வலையின் கண்கள் பெயின்ட்டால் அடைந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. பிரைமர், அதன் மேல் வெளிப்புறப் பயன்பாட்டுக்கான பெயின்ட் இரண்டு கை, எல்லாமே மெல்லிசாக. உள்பக்கம் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

முழுசாக அடிப்பதற்கு முன் சுவர்ப்பக்கம் ஓரிடத்தில் உள்ளங்கை அளவு அடித்துப் பாருங்கள். டப்பாவில் சொன்ன நேரம் காய்ந்ததும், பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போட்டு, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயின்ட் வந்தால் அந்தப் பிரைமர் வேண்டாம். உங்களிடம் இருக்கும் எனாமலையும் பிரைமருக்கு மேல் இப்படிச் சோதிக்கலாம். தேறினால் புதிதாக வாங்கத் தேவையில்லை.

அளவு? இந்த டிரம்மின் சுற்றுப்பரப்பு ஏறத்தாழ 1.6 சதுர மீட்டர். இரண்டு கைக்கு 3.2. டப்பாவில் போட்டிருக்கும் பரப்போடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

நிறத்துக்கு வருவோம். டிரம் சுவரோரம் இருப்பதால் சுவரின் நிறத்தையே, ஒரு படி அடர்த்தியாக அடிக்கச் சொல்வேன். சுவரோடு சேர்ந்துவிடும், தெறிக்கும் மண்ணும் சட்டென்று தெரியாது. செடிகளுக்கு நடுவே வைப்பவர்கள் பச்சையைத்தான் முதலில் நினைப்பார்கள். ஆனால் பளிச்சென்ற பச்சை உண்மையான இலைக்குப் பக்கத்தில் பொய்யாகத் தெரியும். மண் நிறமோ சாம்பல் கலந்த பச்சையோ நன்றாக அடங்கும். எதுவானாலும் பளபளப்பில்லாத மேட் வகையாக வாங்குங்கள். பளபளப்பு ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுக்கும்.

உள்ளே தண்ணீர் மட்டம் வெளியில் தெரிகிற வெள்ளை டிரம் வைத்திருப்பவர்களுக்குப் பெயின்ட் அலங்காரம் மட்டுமல்ல. வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும். அவர்கள் முதலில் ஒளி புகாத அடர்நிறம் அடித்து, மேலே பிடித்த நிறத்தைக் கொடுக்கலாம்.

சரியான பிரைமர் கிடைக்கவில்லையென்றால் பெயின்ட் வேலையே வேண்டாம். குழாய்க்கு மட்டும் இடம் விட்டு முன்னால் ஒரு மூங்கில் தட்டியைச் சாத்தி வையுங்கள்.