பனை மனிதனும் மூன்று வரிக் கடற்கரையும்

அன்பின் ஐயா,

உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8. கடந்த வருடத்திலிருந்து இருவரையும் வீட்டில் வைத்தே படிப்பிக்கிறோம். கணக்கு, விஞ்ஞானம் எல்லாம் ஒருமாதிரி ஓடுகிறது. எழுத்துதான் ஓடவில்லை. கடற்கரையைப் பற்றி எழுது என்றால் மகன் எழுதுவது இவ்வளவுதான்: "நான் கடற்கரைக்குப் போனேன். அது மிகவும் அழகாக இருந்தது. நான் மிகவும் மகிழ்ச்சி அடைந்தேன்." அதற்கு மேல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பான். இணையத்தில் தேடிப் பயிற்சித் தாள்கள் சிலவற்றைப் பிரின்ட் எடுத்தேன். முதல் தாளிலேயே "உன் வீட்டு முற்றத்துப் பனிமனிதனுக்கு உயிர் வந்தால்?" என்று கேட்டிருந்தார்கள். மகள், "பனையில இருக்கிற ஆளா அம்மா?" என்றாள். கையால் ஏதாவது செய்து, அதிலிருந்து எழுத வைக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு தாய், உப்புவெளி

அன்பின் தங்கச்சி,

முதலில் அந்தப் பனை மனிதனைத் தப்ப விடாதீர்கள். பயிற்சித் தாளைக் கச்சான் சுற்றக் கொடுத்துவிடலாம். பனையில் ஒருவன் இருக்கிறான் என்றால் அவன் என்ன சாப்பிடுகிறான், எப்போது இறங்குகிறான், நுங்கு வெட்ட ஆள் ஏறினால் எங்கே ஒளிகிறான்? மகளிடம் இதையெல்லாம் கேளுங்கள். கேட்டுக்கொண்டே இருங்கள், எழுதச் சொல்லாதீர்கள்.

இனி மகனின் மூன்று வரி. அதே கடற்கரையிலிருந்து திரும்பி வரும்போது வழியெல்லாம் அவன் உங்களிடம் என்ன பேசினான்? "அந்த மாமாட கையப் பாத்தீங்களா, கயிறு அறுத்து ஒரே காயம்" என்பது போல ஏதாவது சொல்லியிருப்பான். கொப்பியைத் திறந்ததும் அந்த மாமாவும் இல்லை, கயிறும் இல்லை. நம் பிள்ளைகள் பேசுவது ஒரு தமிழ், எழுத வேண்டியது இன்னொரு தமிழ். "போயிட்டு வந்தம்" என்று வாயில் இருப்பதைப் "போய்விட்டு வந்தோம்" ஆக்குவதற்குள் பாதி விஷயம் கொட்டிப்போகிறது. களைத்துப்போன பிள்ளை, பாடப் புத்தகத்தில் தயாராக இருக்கும் "மிகவும் அழகாக இருந்தது" என்பதை இரவல் வாங்கிப் போட்டுவிட்டு விளையாடப் போகிறான்.

எனக்கும் இதே கதைதான். ஏழாம் வகுப்பில் 'மழைநாள்' என்று கட்டுரை. அரிசி மூட்டையோடு அப்பா வழுக்கி விழுந்ததையும், விழுந்த இடத்தில் இருந்துகொண்டே மழையைத் திட்டியதையும் எழுதினேன். ஆசிரியர் சிவப்புப் பேனையால் அப்பாவை வெட்டிவிட்டு, "தவளைகள் இன்னிசை பாடின" என்று எழுதித் தந்தார். அதன் பிறகு பல வருடம் என் மழையில் எல்லாம் தவளைகள்தான். அப்பா திரும்பி வர எனக்கு முப்பது வயதாகிவிட்டது.

ஆகவே வாயிலிருந்து தொடங்குங்கள். வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளிப்பதற்கு முன் ஒரு காலையில் இரண்டு பேரையும் கரைவலை இழுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். பார்க்க மட்டும் விடாதீர்கள். கேட்டுப் பார்த்து, விட்டால் கயிற்றைப் பிடிக்கட்டும். உப்புத் தண்ணீரில் ஊறிய கயிறு உள்ளங்கையில் என்ன செய்யும் என்பதை எந்தப் பயிற்சித் தாளும் சொல்லாது. மீன் நிறைந்த வலையின் மடி கரையேறும்போது யார் கத்துகிறார்கள், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி எங்கே நிற்கிறார், காகம் எந்த மீனுக்குக் குறிவைக்கிறது என்று பார்க்கட்டும். பழைய ஆள் யாராவது இருந்தால் வலை இழுக்கும் பாட்டான அம்பா ஒன்று பாடச் சொல்லுங்கள். இழுவைக்கும் பாட்டுக்கும் உள்ள பொருத்தத்தைக் கை பிடித்த பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் போனில் மகனைப் பேச விட்டுப் பதிவு செய்யுங்கள். மூன்று நிமிடம் போதும். அடுத்த நாள் அவனே அதைக் கேட்டு, நிறுத்தி நிறுத்தி, சொன்னபடியே எழுதட்டும். 'மாமாட' என்றால் 'மாமாட'தான். அதற்கும் அடுத்த நாள், கதை சொல்பவனின் வரிகளை மட்டும் எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஆட்கள் பேசுவது பேசியபடியே நிற்கட்டும். ஒரே நாளில் செய்தால் இது தண்டனையாகிவிடும். மகளுக்கு இன்னும் கை வலிக்கும் வயது. அவள் சொல்ல நீங்கள் எழுதுங்கள். எழுதும்போது ஒரு சொல்லையும் அழகாக்கிவிடாதீர்கள், அந்த ஆசை எல்லோருக்கும் வரும்.

அப்புறம் புத்தகம் செய்யுங்கள். ஒரு ஏ4 தாளை எட்டுக் கட்டம் விழும்படி மடித்து விரியுங்கள். குறுக்கே இரண்டாக மடித்து, மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே ஒரு கட்ட நீளம் வெட்டுங்கள். விரித்தால் தாளின் நடுவில் ஒரு கீறல் இருக்கும். நீளவாக்கில் மடித்து இரண்டு முனையையும் உள்ளே தள்ளினால் கீறல் வாய் திறக்கும். சுற்றி அமர்த்தினால் எட்டுப் பக்கப் புத்தகம். பசை, நூல் எதுவும் வேண்டாம். 2022இல் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போன நாடு இது. ஒருபக்கம் அச்சான பழைய தாள் இருந்தால் அதுவே போதும், எழுதும் பக்கம் ஒன்றுதான்.

முன் அட்டையும் பின் அட்டையும் போகக் கதைக்கு ஆறு பக்கம். இந்த நெருக்கடிதான் எனக்குப் பிடித்தது. வெள்ளைக் கொப்பியின் முன்னால் உறைந்துபோகும் பிள்ளை, ஆறு பக்கத்துக்குள் பனை மனிதனை இறக்கியாக வேண்டும் என்றதும் கணக்குப் போடத் தொடங்குகிறது. முன் அட்டையை முதலாம் பக்கமாக எண்ணினால், கதைக்குள் தாள் திருப்பும் இடம் மூன்றாம் பக்கத்திலும் ஐந்தாம் பக்கத்திலும் வரும். அந்த இரண்டு இடத்திலும் வாசிப்பவர் "பிறகு?" என்று கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவையுங்கள். தொடர்கதை எழுதுகிறவர்களுக்கும் இதற்கு மேல் ரகசியம் கிடையாது.

ஒரு நாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போங்கள். தாயின் கிரியைக்காக இராவணன் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் ஏழு கிணறு, ஏழு விதச் சூடு. 'சூடு', 'வெப்பம்' என்ற சொற்களை அன்றைக்குத் தடை செய்துவிட்டு, தொட்டுப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். ஆறவைத்த தேத்தண்ணி, காய்ச்சல்காரத் தம்பியின் நெற்றி, வெயிலில் நின்ற சைக்கிள் சீற் என்று அவர்களே பிடித்துக்கொள்வார்கள். 'அழகான' என்ற சொல்லுக்கு மட்டும் நிரந்தரத் தடை.

வீட்டில் கிண்ணியாப் பக்கத்துப் பெரியவர்கள் இருந்தால் 2009இல் பாலம் திறக்கும் முன் தண்ணீரை எப்படிக் கடந்தார்கள் என்று கேட்டு எழுதலாம். 'பாதை'யில் போனோம் என்பார்கள். நடந்து போகிற பாதை இல்லை, ஆட்களை ஏற்றிக்கொண்டு தண்ணீரில் மிதக்கிற பாதை. அந்த ஒரு சொல்லிலேயே பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் நிற்பார்கள். சாம்பல்தீவுக்கு ஏன் அந்தப் பெயர் என்று சொந்தமாகக் கதை கட்டலாம், உண்மைக் காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம். துணிப்பைக்குள் ஒரு பொருளைப் போட்டு, கைவிட்டுத் தடவிப் பார்த்து அதைப் பற்றி விடுகதை போடலாம். மழை நாளுக்கு அது நல்லது.

எழுத்துப் பிழையா? ழகர, ளகரத் தவறுகளை வேறொரு தாளில் குறித்துவைத்து இன்னொரு நாள் தமிழ்ப் பாடத்தில் பாருங்கள். கதையின் மேல் சிவப்பு மை வேண்டாம்.

பள்ளிக்கூடமா வீடா என்ற வழக்குக்குள் நான் வரவில்லை. ஆனால் வகுப்பில், எழுதியதைப் பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்த்துச் சிரிக்கும். வீட்டில் அந்த ஆள் இல்லை, நீங்கள் அந்த ஆளாகவும் முடியாது. நீங்கள் ஏற்கெனவே ஆசிரியர். மாமி மகனோ அம்மம்மாவோ யாராவது வெளியே ஒருவர் வேண்டும். விடுகதையைத் தபாலில் போடுங்கள், விடை திரும்பி வரட்டும்.

பனை மனிதன் ஆறு பக்கத்தில் இறங்கி முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். பிழை திருத்தாமல். முத்திரைச் செலவு என்னுடையது.