லடாக்கில் உள்ள காந்த மலையில் வண்டி தானாக மேடேறுகிறதாமே, உண்மையில் அங்கே காந்த சக்தி இருக்கிறதா?

காந்தமும் இல்லை, மேடும் இல்லை. அந்த இடத்தில் சாலை லேசாக இறங்குகிறது, நம் கண்ணுக்கு ஏறுவதாகத் தெரிகிறது.

லேயிலிருந்து கார்கில் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டரில், பத்தர் சாகிப் குருத்வாராவைத் தாண்டியதும் அறிவிப்புப் பலகை வரும். தரையில் பெயிண்டால் போட்ட கட்டத்துக்குள் வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்கு மாற்றி, பிரேக்கை விட்டால் போதும், நகர ஆரம்பித்துவிடும். நானும் விட்டுப் பார்த்திருக்கிறேன். காரணம் தெரிந்து போனாலும் கண் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறது.

எது மட்டம், எது சரிவு என்பதைத் தொடுவானம், மரம், கட்டடம் இவற்றை வைத்துத்தான் நாம் கணிக்கிறோம். அங்கே மரமும் கட்டடமும் அதிகம் இல்லை. தொடுவானத்தைச் சாய்ந்து கிடக்கும் மொட்டை மலைகள் மறைத்துவிடுகின்றன. இத்தாலியில் பாவோலா பிரெஸ்ஸான் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் மேசைமேல் சிறிய சாலை மாதிரிகள் செய்து இதைச் சோதித்து 2003இல் கட்டுரை வெளியிட்டார்கள். செங்குத்தான இறக்கத்தை ஒட்டி லேசான இறக்கம் வந்தால், அந்த லேசான இறக்கம் ஏற்றமாகவே தெரியுமாம். மாதிரியிலும் அதே ஏமாற்று வேலை நடந்தது. அதில் ஏது காந்தம்?

ஆனாலும் லேயில் டாக்சி ஓட்டுபவர்கள் விடுவதில்லை. விமானப்படை விமானங்கள்கூட அந்த மலைக்குப் பயந்து உயரே பறக்கும் என்பார்கள். ஒரு டன் காரை இழுக்கிற காந்தம் என்றால், முதலில் நம் சட்டைப்பையில் இருக்கிற சாவிக்கொத்து அல்லவா கிளம்பியிருக்க வேண்டும்! அதைவிட அங்கே சொல்லும் பழைய கதை எனக்குப் பிடிக்கும்: அது சொர்க்கத்துக்குப் போகும் பாதை, புண்ணியம் செய்தவர்களைத் தானாக மேலே இழுத்துக்கொள்ளும், மற்றவர்கள் எவ்வளவு முயன்றாலும் ஏற முடியாது.

ஸ்காட்லாந்தின் ஏர்ஷயரிலும் இப்படி ஒரு சாலை உண்டு, பெயர் எலெக்ட்ரிக் பிரே. மின்சாரம்தான் இழுக்கிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். இப்போது அங்கே ஒரு கல்லே நட்டு, உண்மைச் சரிவு 86க்கு 1 (86 அடி தூரத்துக்கு ஓர் அடி உயரம்), மீதி கண்மயக்கம் என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

இவற்றில் மனதை என்னவோ செய்வது டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவின் ரயில்வே கிராசிங் கதைதான். தண்டவாளத்தில் நின்றுபோன பள்ளிப் பேருந்தில் ரயில் மோதிக் குழந்தைகள் இறந்தார்கள், அந்தக் குழந்தைகளின் ஆவிதான் நம் காரைத் தள்ளித் தண்டவாளத்தைக் கடத்திவிடுகிறது என்பார்கள். காரின் பின்பக்கம் பவுடர் தூவினால் சின்னச் சின்னக் கைத்தடம் தெரியுமாம். தெரியத்தான் செய்யும், ஏற்கெனவே யாராவது தொட்ட தடமெல்லாம் பவுடரில் எடுப்பாகத் தெரியும். அந்த ஊரில் அப்படி ஒரு விபத்தே நடக்கவில்லை. 1938இல் யூட்டா மாநிலத்தில் நடந்த நிஜ விபத்தை சான் அன்டோனியோ பத்திரிகைகள் விரிவாக எழுதின. அந்தத் துக்கம்தான் ஊர் மாறி வந்து இந்தக் கிராசிங்கில் உட்கார்ந்துகொண்டது என்கிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

சரி, நேரில் போனால் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ச் சாலைமேல் வைத்துப் பாருங்கள். அப்புறம், பின்னால் ஒரு கண் இருக்கட்டும். ராணுவ லாரிகள் வரிசையாக வரும் நெடுஞ்சாலை அது.