ஏற்றத்தில் கொதித்த லாரி

கேள்வி: சொந்தமாக ஒரு லாரி வைத்து நானே ஓட்டி வருகிறேன். சென்ற மாதம் உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூருக்குப் போகும்போது, பர்லியாரைத் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கியது. எப்படியாவது குன்னூர் போய்விடலாம் என்று மேலும் மூன்று வளைவுகள் ஏற்றினேன். அதற்குள் ஆவி கிளம்பி, வண்டி இழுக்காமல் நின்றுவிட்டது. ரேடியேட்டர் மூடியைத் திறந்த கிளீனருக்கு முன்கை வெந்துபோயிற்று. ஓடைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றியும் பயனில்லை. மறுநாள் வந்த மெக்கானிக், ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள தகடு) போய்விட்டது என்றார். தெரிந்த ஒர்க்‌ஷாப் எதுவும் இல்லாத இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? (சங்ககிரி வாசகர்)

பதில்: கேஸ்கெட்டைப் பறித்தது பெரும்பாலும் அந்த மூன்று வளைவுகள்தான். முள் ஏறத் தொடங்கிய இடத்திலேயே, சற்று அகலமான ஓரம் பார்த்து நிறுத்தியிருந்தால், ஒரு பெல்ட்டோ ஒரு ஹோஸோ மாற்றுவதோடு வேலை முடிந்திருக்கக் கூடும்.

நிறுத்தியதும் என்ஜினை உடனே அணைக்கலாமா என்ற குழப்பம் பலருக்கு உண்டு. தண்ணீர் ஒழுகாமலும் ஃபேன் பெல்ட் அறுந்துபோகாமலும் இருந்து, ஆயில் விளக்கும் எரியாவிட்டால், சில நிமிடம் ஐடிலில் ஓட விடுவதே நல்லது. ஃபேனும் வாட்டர் பம்பும் சுழன்று சூட்டை மெல்ல இறக்கும். முள் அப்போதும் இறங்காவிட்டாலோ, ஆவியோ ஒழுக்கோ கண்ணில் பட்டாலோ, அந்தக் கணமே அணைத்துவிட வேண்டும்.

மூடியைத் திறப்பது அரை மணி நேரத்துக்குப் பிறகு, ரேடியேட்டரைக் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே. மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளிருக்கும் தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் விழ, அத்தனையும் ஒரே வீச்சில் கொதித்துப் பீறிடுகிறது. மலையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். ஆகவே ரப்பர் வளையம் தேய்ந்து அழுத்தம் பிடிக்காத பழைய மூடி, சங்ககிரியில் காட்டாத குணத்தை மலைமேல் காட்டும். மலைக்குப் புறப்படும் முன் நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்த மூடியைத்தான்.

சூடேறிய என்ஜினில் குளிர்ந்த ஓடைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம். அந்தத் தண்ணீர் முதலில் போயிருக்க வேண்டிய இடம் கிளீனருடைய கை: வெந்த இடத்தில் 20 நிமிடம் ஓடும் தண்ணீர் பட வேண்டும், பற்பசையும் மையும் தடவக் கூடாது.

ஆறிய பிறகு, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தாலோ, என்ஜினை ஓட்டும்போது ரேடியேட்டர் வாயில் குமிழிகள் இடைவிடாமல் வந்தாலோ, சைலன்ஸரில் வெள்ளைப் புகை அடங்காமல் வந்தாலோ, கேஸ்கெட் போயிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அதன்பின் ஒரு வளைவுகூட ஏற்றக் கூடாது. "மெதுவாக ஓட்டிப் போய்விடுங்கள்" என்று வழியில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சொல்பவர் என்ஜினுக்குப் பணம் கொடுக்கப் போவதில்லை.

நின்ற வண்டி உருளாமலிருக்க, ஹேண்ட் பிரேக்குடன் முதல் கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். முக்கோணப் பலகையை வண்டிக்குப் பின்னால் சில அடி தள்ளி வைப்பது கொண்டை ஊசி வளைவில் எந்தப் பயனும் தராது; மேலிருந்து வருபவருக்கும் கீழிருந்து வருபவருக்கும் வளைவில் திரும்புவதற்கு முன்பே தெரிய வேண்டும். பலகை ஒன்றுதான் இருந்தால், மறுபக்கத்துக்கு நம் ஊர் வழக்கப்படி பச்சைக் கிளைகள் போதும். கிளம்பும்போது கிளையையும் கல்லையும் சாலையிலேயே விட்டுவிட்டுப் போவது நம்மவர்களின் கெட்ட பழக்கம். இரவில் அந்தக் கல்லில் ஏறும் பைக் ஓட்டுநரை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டி இழுக்க நேர்ந்தால் மெக்கானிக்கிடம் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏர் பிரேக் வண்டியில் என்ஜின் ஓடாவிட்டால் காற்று ஏறாது. இழுக்கும் வண்டியிலிருந்து காற்று கொடுக்க வேண்டும். பின்சக்கரங்கள் தரையில் உருள நெடுந்தூரம் இழுப்பதானால், கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட வேண்டும். இல்லையெனில் ஆயில் சரியாகப் போகாமல் கியர்பாக்ஸும் சேர்ந்து போய்விடும். நியூட்ரலில் உருட்டி மேட்டுப்பாளையம் இறக்கிவிடலாம் என்ற யோசனையை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

இன்ஷூரன்ஸை நம்ப வேண்டாம். சாதாரண வாகன பாலிசி, விபத்தில்லாமல் தானாக வரும் இயந்திரப் பழுதுக்குப் பணம் தருவதில்லை.

அடுத்த முறை, ஏற்றம் தொடங்கும் கல்லாறு வந்ததுமே கியரைக் குறைத்துவிடுங்கள். மேல் கியரில் முக்கிக்கொண்டு ஏறும் என்ஜினில் பாரம் அதிகமாகவும் ஃபேனின் சுழற்சி குறைவாகவும் இருக்கும். கீழ் கியரில் வேகம் குறைந்தாலும் ஃபேனும் பம்பும் விரைந்து சுழலும்.

கேள்வி: வழியில் நின்ற வண்டியின் சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால் இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்ல ஜி.எஸ்.டி. முறையில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) செல்லுமா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: செல்லும். புதிய பில் தேவையில்லை. சரக்கு மீண்டும் கிளம்புவதற்கு முன் அதே பில்லின் பி பகுதியில் மாற்று லாரியின் எண்ணைப் பதிந்தால் போதும். பில் செல்லும் காலத்துக்கு, பொதுவாக 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. பழுதால் காலம் கடந்துவிடும் என்று தெரிந்தால், முடிவு நேரத்துக்கு முந்தைய 8 மணி நேரத்திலோ பிந்தைய 8 மணி நேரத்திலோ காரணம் குறிப்பிட்டு நீட்டித்துக்கொள்ளலாம். மலையில் சிக்னல் கிடைக்காத இடங்கள் பல இருப்பதால், இந்த வேலையை ஊரிலிருக்கும் புக்கிங் ஆபீஸிடம் போனில் சொல்லி முடித்துக்கொள்வது எளிது.