வாங்கும் முன்: ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் கேட்டவை

மழைக்காலம் தொடங்கினால் பின்னல்காரர்களின் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை பெரும்பாலும் ஒரே மாதிரிக் கடிதங்கள். மஃப்ளர், குல்லா என்று பழகியவர்கள் முதன்முதலாகக் கடினமான ஸ்வெட்டர் பேட்டர்ன் ஒன்றில் கை வைத்திருக்கிறார்கள், பாதியில் நிற்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கிக் கொடுத்திருக்கிறேன்.

கயிறு முறுக்கியதுபோன்ற கேபிள் வேலைப்பாடுள்ள கார்டிகன் பேட்டர்னைக் காசு கொடுத்து டவுன்லோட் செய்தேன். கைக்குழிக்குக் குறைத்து முடித்துப் பக்கத்தைத் திருப்பினால், ‘அதே நேரத்தில் கழுத்துக்கும் குறைத்துக்கொண்டே வரவும்’ என்று இருக்கிறது. இத்தனை வரிசை வீண். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
— வாசகி, கொடைக்கானல்

கேட்க முடியாது. அந்த வரி பேட்டர்னில் இருக்கிறது, நீங்கள்தான் படிக்கவில்லை. முன்பக்கம் திறந்த ஸ்வெட்டர்கள் பலவற்றில் கைக்குழியும் கழுத்தும் ஒரே சமயத்தில் குறைந்துகொண்டு வருவது வழக்கம். ஊசியில் முதல் கண்ணி ஏற்றுவதற்கு முன்பே பேட்டர்னைக் கடைசி வரி வரை பென்சிலோடு படித்துவிட வேண்டும்.

இப்போது கைக்குழி தொடங்கிய வரிசை வரை பிரியுங்கள். பிரிப்பதற்கு முன்னால் அந்த வரிசையின் கண்ணிகள் எல்லாவற்றிலும் மெல்லிய தையல் நூல் ஒன்றைக் கோத்துவிட்டால் அதற்குக் கீழே ஒரு கண்ணிகூட நழுவாது. அப்புறம் ஒரு தாளில் வரிசை எண்களை எழுதி, பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று கைக்குழிக்கு, ஒன்று கழுத்துக்கு. எந்த வரிசையில் எந்தப் பக்கம் குறைக்க வேண்டும் என்பதை முதலிலேயே குறித்துவிட்டுப் பின்னுங்கள்.

மேலிருந்து கீழே பின்னும் ராக்லன் ஸ்வெட்டர், அதாவது கழுத்திலிருந்து அக்குள் வரை கை சாய்வாக இணைவது. 88 கண்ணியில் தொடக்கம். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் 8 கண்ணி கூட்ட வேண்டும், மொத்தம் 22 தடவை. முடிவில் 272 கண்ணி இருக்கும் என்கிறது பேட்டர்ன். எனக்கு 264தான் வருகிறது. பிரித்துப் பிரித்து நூலே பிசிறடித்துவிட்டது. எழுதியவருக்கு மெயில் போட்டால், ‘டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது’ என்று ஒரு வரி பதில்.
— வாசகி, குன்னூர்

பிரித்தது போதும், அம்மா. உங்கள் கை சரியாகத்தான் இருக்கிறது. 22 தடவை எட்டு எட்டாகக் கூட்டினால் 176. அதோடு 88 சேர்த்தால் 264. தப்பு பேட்டர்னில்.

எந்த எண் தப்பு என்பதையும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். உடம்பையும் கைகளையும் பிரிக்கும் இடத்துக்குப் போங்கள். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள் என்று நான்கு எண்கள் கொடுத்திருப்பார்கள். அவற்றைக் கூட்டுங்கள். உதாரணமாக 84, 84, 52, 52 என்று இருந்தால் மொத்தம் 272. அப்படியானால் 22 என்பதுதான் பிழை, 23 தடவை கூட்டச் சொல்ல நினைத்திருக்கிறார். நான்கும் சேர்ந்து 264 வந்தால் 272 என்பது வெறும் தட்டச்சுப் பிழை, அப்படியே மேலே போகலாம். பேட்டர்னில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் மற்ற உடல் அளவுகளுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பல சமயம் பக்கத்து அளவின் எண் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

பணத்தைப் பற்றி. மனம் மாறியதால் திருப்பித் தருகிறேன் என்பது வேறு, குறையுள்ளதை விற்றார்கள் என்பது வேறு. ‘ரீஃபண்ட் கிடையாது’ என்ற வாசகம் இரண்டாவதற்குக் கவசமாகாது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. இன்னொரு மெயில் போடுங்கள். மேலே போட்ட கணக்கை அதில் எழுதி, திருத்திய பக்கமோ பணமோ இரண்டில் ஒன்று வேண்டும் என்று கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், விற்றவர் இந்தியாவில் இருக்கும் பட்சத்தில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். வெளிநாட்டுக்காரர் என்றால், வாங்கிய தளத்தின் புகார்ப் பகுதியிலும் கார்டு கொடுத்த வங்கியிலும் எழுதலாம்.

இனி வாங்கும் பேட்டர்ன்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2007-இல் தொடங்கிய ராவெல்ரி என்ற பின்னல்காரர்களின் இணையதளத்தில் ஒவ்வொரு பேட்டர்னுக்கும் கீழே அதைப் பின்னியவர்களின் படங்களும் குறிப்புகளும் இருக்கும். யாருமே பின்னி முடிக்காத பேட்டர்னுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பேட்டர்னில் 8-ஆம் நம்பர் ஊசி என்று இருந்தது. கடையில் 8-ஆம் நம்பர் கேட்டு வாங்கினேன். ஸ்வெட்டர் என் பத்து வயதுப் பேரனுக்குத்தான் சேரும்போல இருக்கிறது. ஊசி போலியா?
— வாசகர், சேலம்

போலி இல்லை, எண்தான் வேறு. நம் கடைகளில் இன்னும் புழங்கும் பழைய பிரிட்டிஷ் வரிசையில் 8 என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்க வரிசையில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் எண் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்க எண் ஏற ஏற ஊசி தடிக்கும். ஊசியை எப்போதும் மில்லிமீட்டரில் கேட்டு வாங்குங்கள்.

பேட்டர்னுக்கு முன்னால் ஒரு சதுரம் பின்னிப் பார்க்கச் சொல்கிறார்கள். நூல்தானே வீணாகும்?
— வாசகி, ஈரோடு

பின்னிப் பாருங்கள். 10 சென்டிமீட்டரில் 22 கண்ணி கேட்கும் பேட்டர்னில் உங்கள் கை 20 போட்டால், 100 சென்டிமீட்டர் சுற்றளவு வர வேண்டிய ஸ்வெட்டர் 110 ஆகிவிடும். சதுரத்தைத் துவைத்துக் காயவைத்த பிறகு அளக்க வேண்டும்.

42 அங்குல மார்புள்ள என் கணவருக்கு ஸ்வெட்டர். பேட்டர்னில் 1,200 மீட்டர் என்று இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால், ‘ஜென்ட்ஸ் ஸ்வெட்டருக்கு அரைக் கிலோ போதும்’ என்கிறார். கோவை வெயிலுக்காகப் பருத்தி நூல் எடுத்தேன். ஒரு கை முடிவதற்குள் நூல் தீர்ந்துவிட்டது.
— வாசகி, கோவை

நீங்கள் கேட்டது மீட்டரில், அவர் பதில் சொன்னது கிராமில். எனக்கு நீண்ட நாளாக மனசு ஆறாத விஷயம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்வெட்டர் தின்பது நீளத்தை, எடையை அல்ல. ஒரே தடிமனுள்ள நூலாக இருந்தாலும் இழைக்கு இழை கனம் மாறும். ஒரு கன சென்டிமீட்டர் அக்ரிலிக் சுமார் 1.17 கிராம், கம்பளி 1.31, பருத்தி 1.54. அதனால் 50 கிராம் கம்பளி உருண்டையில் 120 மீட்டர் இருந்தால், அதே எடைப் பருத்தியில் நீளம் குறைவாகத்தான் இருக்கும். முறுக்கு இறுக்கமான நூல் என்றால் 85 மீட்டர்கூட இருக்கலாம். கணக்கைப் பாருங்கள். 1,200 மீட்டருக்கு அந்தக் கம்பளியில் 10 உருண்டை, அதாவது அரைக் கிலோ. கடைக்காரர் சொன்னது கம்பளிக்குச் சரி. 85 மீட்டர் பருத்தியிலோ 15 உருண்டை, முக்கால் கிலோ. அரைக் கிலோவில் உங்களுக்குக் கிடைத்தது 850 மீட்டர்தான். இல்லாமல் போன 350 மீட்டர்தான் உங்கள் கைகள்.

உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் திருப்பூர். அங்கே பனியன் கம்பெனிக்கு நூல் எடுப்பவர் யாரும் ‘ஒரு கிலோ நூல் கொடுங்கள்’ என்று மட்டும் கேட்பதில்லை. ‘30-ஆம் நம்பர்’, ‘40-ஆம் நம்பர்’ என்றுதான் பேச்சு. அந்த நம்பரே நீளக் கணக்குதான். ஒரு பவுண்டு பருத்தி நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டம் (நூல் கற்றை) எத்தனை இருக்கிறதோ, அதுதான் நம்பர். 30-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 25,200 கஜம். மொத்தமாக வாங்குகிற மில்லுக்கும் கம்பெனிக்கும் நீளம் தெரிகிறது. உருண்டை உருண்டையாக வாங்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து பின்னுகிற வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் அதைச் சொல்லாமல் ‘50 கிராம்’ என்று அச்சடித்து விற்கிறார்கள். நீளம் தெரியாமல் எந்த ஆலையும் நூல் நூற்க முடியாது. கையில் இருக்கிற தகவலை லேபிளில் போட என்ன தடை? இது அலட்சியம், அதன் செலவு முழுவதும் வாங்குகிறவர் தலையில் விழுகிறது. லேபிளில் மீட்டர் இல்லாத நூலைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து, ‘மீட்டர் போட்டது இருந்தால் கொடுங்கள்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால்தான் அச்சடிப்பார்கள்.

அது வரைக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு உருண்டை வாங்கி, 10 மீட்டர் அளந்து, நகைக் கடையில் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். 6 கிராம் காட்டினால் 50 கிராமில் ஏறக்குறைய 83 மீட்டர். அந்தக் கணக்கோடு போய் மொத்தமாக வாங்குங்கள், அதற்கு மேல் ஓர் உருண்டை கூடுதலாகவே எடுங்கள். இப்போது உங்களுக்கு வேண்டியது இன்னும் 5 உருண்டை. பழைய லேபிளைக் கையோடு கொண்டுபோங்கள். ஏன் என்பதை அடுத்த கடிதத்தில் பாருங்கள்.

நூல் தீர்ந்துபோய் அதே கலர், அதே கம்பெனி மறுபடி வாங்கிப் பின்னினேன். வெயிலில் பார்த்தால் மார்புக்கு மேல் ஒரு கோடு தெரிகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்.
— வாசகர், திருச்சி

ஏமாற்றவில்லை. லேபிளில் கலர் எண்ணுக்குப் பக்கத்தில் லாட் எண் என்று ஒன்று இருக்கும். ஒவ்வொரு சாயத் தொட்டிக்கும் ஒரு லாட். லாட் மாறினால் நிறம் மயிரிழையாவது மாறும். தேவையான மொத்த நூலையும் ஒரே லாட்டில், ஒரே நாளில் வாங்கியிருக்க வேண்டும். லேபிளையும் தூக்கிப் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்கக் கடைக்காரர் மேல் பழி போடுவது நியாயமில்லை. கோடு தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே வரை பிரித்து, பழைய உருண்டையில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். கண் அதைப் பிடிக்காது.

ஆன்லைனில் ‘100% மெரினோ’ கம்பளி என்று விலை கொடுத்து வாங்கிய நூல். பின்னும்போது விரலில் கிரீச்சென்று வழுக்குகிறது, கையும் வியர்க்கிறது. சந்தேகமாக இருக்கிறது. பாதி உடம்பு பின்னிவிட்டேன்.
— வாசகி, பெங்களூரு

உங்கள் விரல் சொல்வதை நம்புங்கள். ஒரு விரல் நீள நூலைக் கிடுக்கியால் பிடித்து, சிங்க்கில் எஃகுத் தட்டு வைத்து அதன் மேல் கொளுத்துங்கள். கம்பளி என்றால் மயிர் பொசுங்கும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் அணையும், மிச்சம் விரலில் பொடியாகும். அக்ரிலிக் என்றால் உருகிச் சொட்டும், ஆறியதும் கறுப்பு மணியாக இறுகும், நசுக்கினால் நசுங்காது. இரண்டும் கலந்து நடந்தால் கலப்பட நூல்.

மணியாக இறுகினால் இது பொய் சொல்லி விற்றது, விடாதீர்கள். விற்பனைப் பக்கத்தின் படம், பில், லேபிள், கொளுத்தியதை எடுத்த வீடியோ எல்லாவற்றையும் சேர்த்துத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. மிச்சமிருக்கும் உருண்டைகளைப் பிரிக்காமல் வையுங்கள்.

இதில் எனக்கும் காயம் உண்டு. ஒரு கண்காட்சியில் பஷ்மினா என்று சொல்லி என்னிடம் ஒரு சால்வை விற்றார்கள். வீட்டில் ஓரத்து இழையைக் கொளுத்தினால் காகிதம் எரியும் வாசனை. மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ்! பில் கேட்டபோது ‘பில் புத்தகம் தீர்ந்துவிட்டது’ என்றார்கள். மறுபடி போனபோது கண்காட்சியே முடிந்திருந்தது. பில் தர மறுப்பதும் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைதான். பில் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

99 ரூபாய்க்கு அழகான கேபிள் ஸ்வெட்டர் பேட்டர்ன் விளம்பரத்தில் வருகிறது. வாங்கலாமா? படத்தை இணைத்திருக்கிறேன்.
— வாசகி, சென்னை

வேண்டாம். இடது பக்கக் கேபிளைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு புரி இன்னொன்றின் அடியில் போகிறது, மறுபக்கம் வெளியே வரவே இல்லை. பொத்தான் இருக்கிறது, பொத்தான் துளை இல்லை. இது ஊசியில் பிறந்த ஸ்வெட்டர் அல்ல, கணினி வரைந்த படம். முதுகுப் பக்கப் படம், 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி, எத்தனை மீட்டர் நூல், முடிந்த உடையின் அளவு, இந்த நான்கும் விற்பனைப் பக்கத்திலேயே இல்லையென்றால் தாண்டிப் போய்விடுங்கள்.

கழுத்தைச் சுற்றி வரும் யோக்கில் வெள்ளையும் சிவப்பும் கலந்து பின்னினேன். கையால் சாயமேற்றிய கம்பளி. முதல் அலசலிலேயே வெள்ளை ரோஸ் ஆகிவிட்டது. ‘கைச்சாயம் கொஞ்சம் போகும்’ என்கிறார் விற்றவர்.
— வாசகி, டொராண்டோ

கொஞ்சம் போகும் என்பதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். லேபிளில் எச்சரிக்கை இல்லையென்றால் நூலின் விலையையாவது கேளுங்கள், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஸ்வெட்டரை வெயிலில் காயவைக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போதே சாயம் உறிஞ்சும் தாள் போட்டு மறுபடி அலசினால் ஓரளவு திரும்பும்.

கழற்றி மாட்டும் ஊசி செட் வாங்கலாமா, ஒவ்வொன்றாக வாங்கலாமா?
— வாசகர், ஊட்டி

ஒவ்வொன்றாக. பேட்டர்ன் கேட்கும் அளவில் 80 சென்டிமீட்டர் ஒயர் உள்ள ஒரே ஊசி போதும், உடம்புக்குத் தாராளம். விலை அதிகமான செட் ஒன்று என்னிடம் இருக்கிறது. திருகு தானாகத் தளர்ந்து, ஒரு சுற்றின் கண்ணிகள் மொத்தமும் மடியில் கொட்டின. திருப்பிக் கொடுக்கும் நாள் கடந்துவிட்டது என்றார்கள். கடையிலேயே ஒயரும் ஊசியும் சேரும் இடத்தில் மெல்லிய நூலை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். சிக்கினால் வாங்காதீர்கள்.