சமன்பாடும் சரிபார்ப்பும்: மும்பை மாட்டுங்கா டீச்சரிடம் கேளுங்க

எட்டாவது முதல் பத்தாவது வரைக்கான அல்ஜீப்ரா மட்டும் கேளுங்க. தமிழிலேயே தட்டுவதால் எக்ஸுக்குப் பதில் ‘அ’ போடுகிறேன்.

தாராவி, ஒன்பதாவது மாணவி: மிஸ், 3(அ − 2) = அ + 8. எனக்கு 7 வந்துச்சு. சரியா?

போட்டுப் பாரும்மா. இடப்பக்கம் 3 × 5 = 15, வலப்பக்கம் 7 + 8 = 15. சரிதான். இதுக்கு என்னைக் கேட்கவே வேண்டாம்.

செம்பூர், ஒரு அப்பா: 5 − 2(அ − 3) = 1. பையனுக்கு −1 வருது. சரிபார்த்தும் சரியா வருதுங்கிறான். புத்தகத்தில் 5 இருக்கு.

அவன் சரிபார்த்தது இரண்டாவது வரியில். அடைப்புக்குறியை எடுக்கும்போது 5 − 2அ − 6 = 1 என்று எழுதியிருப்பான்; +6 வரணும். அந்தத் தப்பான வரியில் −1 போட்டால் 5 + 2 − 6 = 1, அழகாகப் பொருந்தும். கேள்வியில் போட்டால் 5 + 8 = 13. முதல் வரிக்குப் பிறகு வருவதெல்லாம் நாம் எழுதியது, அதில் தப்பு இருக்கலாம். கேள்வித்தாளில் அச்சிட்ட சமன்பாட்டில்தான் போட்டுப் பார்க்கணும்.

முலுண்ட், பதினொன்றாவது: √(அ + 6) = அ. 3, −2 இரண்டும் வருது. −2-ஐ ஏன் விடணும்? படியில் தப்பே இல்லையே?

நல்ல கேள்வி. படியில் தப்பு இல்லைதான். இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினதும் அ + 6 = அ². இங்கேதான் −2 நுழைந்தது. 2, −2 இரண்டுக்கும் வர்க்கம் 4. குறி வித்தியாசம் காணாமல் போச்சு. கேள்வியில் −2 போடு: இடப்பக்கம் √4 = 2, வலப்பக்கம் −2. பொருந்தாது. வர்க்கப்படுத்திய கணக்கில் சரிபார்ப்பும் விடையில் ஒரு பகுதி.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. அ² = 5அ-வில் இரண்டு பக்கத்தையும் அ-வால் வகுத்தால் 5 மட்டும் கிடைக்கும். 0 தொலைந்துவிடும். தப்பான விடையைச் சரிபார்ப்பு பிடிக்கும், தொலைந்த விடையைப் பிடிக்காது. அதனால் மாறியால், அதாவது அ-வால், வகுக்காதே; அ(அ − 5) = 0 என்று காரணிப்படுத்து.

காட்கோபர்: 2அ + 7 = 19-ல் 6 சரியா?

போட்டுப் பாருங்க.

சயான், ஒரு அப்பா: ‘அந்தப் பக்கம் போனா குறி மாறும்’ என்றுதான் நாங்க படிச்சோம். நீங்க இரண்டு பக்கமும் கழிக்கச் சொல்றீங்களாமே? மகாராஷ்டிரா ஸ்டேட் போர்டு பத்தாவதில் அல்ஜீப்ரா தனித்தாள், 40 மார்க். நேரம் எங்கே?

3அ = 12 என்றால் அ = 12 − 3 = 9 என்று எழுதும் பிள்ளைகளை வாராவாரம் பார்க்கிறேன், சார். குறி மாறும் என்ற விதியை அப்படியே கடைப்பிடிக்கிறார்கள், பாவம்.

செம்பூர் அப்பா: என் பையனும் இதையே செய்வான்!

சயான்: அது சொல்லிக்கொடுத்த விதத்தில் குறை. குறுக்குவழியில் இல்லை.

குறுக்குவழியை நான் தடுக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம் என்று புரிந்த பிள்ளை தானாகவே அதற்கு வந்துவிடும். கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்ட் 1557-ல் சமக்குறிக்கு ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைத் தேர்ந்தெடுத்தது, அவற்றைவிடச் சமமான இரண்டு இருக்க முடியாது என்பதால்தான். அந்தச் சமம் மனதில் பதிந்த பிறகு வேகம் வரட்டும்.

சயான்: எட்டாவதுக்குச் சரி. பத்தாவதுக்கு ஒத்துக்க மாட்டேன்.

பத்தாவதில் குறுக்குவழி போடட்டும், ஒரு வரி சரிபார்ப்போடு.

அந்தேரி: ஜேஇஇக்கு வகைநுண்கணிதம்...

என் எல்லை இல்லை. கோச்சிங்கில் கேளுங்க.

டோம்பிவலி: 4அ − 3 = 17. 5 சரியா மிஸ்?

மேலே பாருங்க. கேள்வியில் போடுங்க.

தாராவி, அதே மாணவி: அப்பாவுக்கு 36, மகனுக்கு 6. இன்னும் எத்தனை வருஷத்தில் அப்பா வயசு 7 மடங்காகும்? 36 + அ = 7(6 + அ) போட்டேன். −1 வருது. தப்பா?

இல்லை. போன வருஷம் அப்பாவுக்கு 35, மகனுக்கு 5, ஏழு மடங்கு. இனிமேல் அப்படி வராது, நடந்து முடிந்துவிட்டது என்றுதான் −1 சொல்கிறது. ‘ஒரு வருஷத்துக்கு முன்’ என்று எழுது. இதுவே வடாபாவ் எண்ணிக்கையாக இருந்து −1 வந்தால், சமன்பாடு அமைத்த இடத்துக்குத் திரும்பிப் போ.